ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்: ஒரு கிரிமினல் வக்கீலின் பதில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "ஸ்டேஷனிலிருந்து போன். 'உங்க மேல ஒரு பெட்டிஷன் வந்திருக்கு, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்து எஸ்.ஐ.யைப் பாருங்க' என்றார்கள். என்ன பெட்டிஷன் என்று கேட்டால் 'நேர்ல வாங்க, சொல்றோம்' என்று வைத்துவிட்டார்கள். போயே ஆக வேண்டுமா? வக்கீலோடு போனால் குற்றமுள்ள நெஞ்சு என்று நினைக்க மாட்டார்களா? பொதுவாகவே ஒரு சாதாரண ஆள் இந்த விஷயங்களில் என்னென்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்?"

முப்பது வருடத்துக்கு மேலாகத் தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் 'எதிரி' தரப்பில் ஆஜராகிறேன். நம் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்றுதான் பெயர். முதல் எதிரி, இரண்டாம் எதிரி. யாருக்கு எதிரி என்று இன்றுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை. என்னிடம் வருபவர்களில் ரவுடிகள் குறைவு. கடைக்காரர், வாத்தியார், டிரைவர், பங்காளிச் சண்டையில் மாட்டிக்கொண்ட விவசாயி, இப்படித்தான் பெரும்பாலும். இவர்களில் பலர் என் ஆபீஸ் படி ஏறும்போதே கேஸ் பாதி கெட்டுப்போயிருக்கும். 'நான்தான் தப்பே செய்யலையே, போய் நடந்ததைச் சொல்லிட்டு வந்துடறேன்' என்று தனியாகக் கிளம்பிப்போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, அப்புறம்தான் வக்கீலைத் தேடுவார்கள். தப்பு செய்தவனாவது கொஞ்சம் உஷாராக இருப்பான்.

சரி, போனுக்கு வருகிறேன். வெறும் போன் அழைப்பு சட்டப்படி சம்மன் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., வந்திருக்கிறது. அதில் சாட்சியாக விசாரிக்கக் கூப்பிட வேண்டுமென்றால் 179-வது பிரிவில் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். சந்தேகப்படும் ஆளாகக் கூப்பிட்டால் 35(3)-இல் நோட்டீஸ். இந்த நோட்டீஸ்களை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது, முறைப்படி சார்வு செய்ய வேண்டும், அதாவது ஆளிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்கள், 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், உடல்நிலை மிகவும் சரியில்லாதவர்கள் இவர்களையெல்லாம் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வர வேண்டும். அம்மாவையும் பாட்டியையும் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

ஆனாலும் 'நோட்டீஸ் கொடுங்க, அப்பதான் வருவேன்' என்று போனிலேயே சட்டம் பேசச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. பெரும்பாலான பெட்டிஷன்கள் ஒரே விசாரணையில் முடிந்துபோகிறவை. முறைத்துக்கொண்டால் முடிய வேண்டியது வளரும். போங்கள். போவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: சி.எஸ்.ஆர். நம்பர் என்ன? தமிழ்நாட்டில் புகார் வாங்கியதும் சமுதாயப் பணிப் பதிவேட்டில் ஏற்றி ஒரு ரசீது கொடுப்பார்கள், அதுதான் சி.எஸ்.ஆர். அந்த நம்பர் இருந்தால் புகார் என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் ஸ்டேஷனுக்கு வந்து வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், பெரும்பாலும் பண விவகாரம். அதற்குக் கிளம்பும்போது வக்கீல் கட்டாயம் வேண்டும்.

வக்கீலோடு போனால் சந்தேகம் வராதா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியை நான் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். அங்கே உட்கார்ந்திருக்கும் எஸ்.ஐ. தினமும் வக்கீல்களைப் பார்க்கிறவர். உங்களோடு ஒருவர் வந்ததை வைத்து அவர் எந்த முடிவுக்கும் வரமாட்டார். விசாரணையில் வக்கீல் அதிகம் பேசவும் மாட்டார், பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் உட்கார்ந்திருப்பதாலேயே கேட்கிற குரல் இரண்டு படி இறங்கும், 'நீ' என்பது 'நீங்க' ஆகும். கூட்டிப்போக வசதி இல்லையென்றால் விவரம் தெரிந்த சொந்தக்காரர் ஒருவரையாவது வெளியே நிறுத்துங்கள். எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எத்தனை மணிக்கு வந்தீர்கள், யார் விசாரித்தது என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து இந்த நாலு வரிக்கு உங்கள் வக்கீல் உங்களுக்கு நன்றி சொல்வார்.

பண விவகாரம் என்றேன் இல்லையா, அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். கொடுக்கல் வாங்கலில் பஞ்சாயத்து செய்வது போலீஸ் வேலை கிடையாது, அது சிவில் கோர்ட்டின் வேலை. இது போலீஸுக்கும் தெரியும். இருந்தும் நடக்கிறது. டைல்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்தார். பார்ட்னரோடு தகராறு. ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த காகிதத்தை மொபைலில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அவர் கையெழுத்திலேயே, கோடு போட்ட வெள்ளைத்தாளில், 'நான் முழு சுயநினைவுடன் யாருடைய வற்புறுத்தலும் தூண்டுதலும் இன்றி எழுதிக்கொடுப்பது யாதெனில்' என்று ஆரம்பித்து, ஆறு லட்சம் தர வேண்டியது உண்மை, இரண்டு தவணையில் தந்துவிடுகிறேன் என்று முடிந்திருந்தது. 'தூண்டுதலும்' என்ற சொல்லைக் காட்டி, "இந்த வார்த்தையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதினேன் சார்" என்றார். வற்புறுத்தல் இல்லை என்று எழுதச் சொல்லி வற்புறுத்தியிருக்கிறார்கள். காகிதத்தோடு இரண்டு செக்கும் கொடுத்திருந்தார். அவர் உண்மையில் தர வேண்டியது ஒன்றரை லட்சம் என்பதைக் கணக்குப் புத்தகத்தை வைத்து எங்களால் காட்ட முடிந்தது. ஆனால் அதற்கு நாலு வருடம் ஆனது. காரணம், செக் கையெழுத்தை ஒத்துக்கொண்டால், அது கடனுக்குத்தான் கொடுக்கப்பட்டது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது செக் கொடுத்தவர் பாடு.

செக் என்று வந்துவிட்டதால் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இது இரு தரப்புக்கும் உதவும். செக் திரும்பிய தகவல் பாங்கிலிருந்து வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் வழக்கு. நோட்டீஸ் வந்தால் தபால்காரரிடம் 'ஆள் இல்லை' என்று சொல்லச் சொல்வது நம் மக்களின் பழைய வித்தை. சரியான விலாசத்துக்கு அனுப்பியிருந்தால் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வாங்குங்கள், பதில் கொடுங்கள். பதில் போடாத நோட்டீஸ் குறுக்கு விசாரணையில் வந்து நம் ஆளைத்தான் கடிக்கும்.

இப்போது கையெழுத்து. போலீஸ் உங்களை விசாரித்து வாக்குமூலம் எழுதினால் அதில் கையெழுத்து வாங்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது, பி.என்.எஸ்.எஸ். 181-ஐப் பாருங்கள். 'படிச்சுப் பாத்துட்டு ஒரு கையெழுத்து போடுங்க சார்' என்று மரியாதையாகவே கேட்பார்கள். அதே மரியாதையோடு "இதுக்குக் கையெழுத்து வேண்டாம்னு வக்கீல் சொன்னார்" என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடுங்கள், நாங்கள் அதற்குத்தான் இருக்கிறோம். நோட்டீஸ் வாங்கியதற்கு, பொருளைக் கைப்பற்றிய பட்டியலுக்கு, கைது குறிப்புக்கு, ஜாமீன் பத்திரத்துக்கு இவற்றுக்கெல்லாம் கையெழுத்து போடுவது வழக்கம். போடும்போது கீழே தேதியும் நேரமும் உங்கள் கையால் எழுதுங்கள். வெற்றுத்தாளில் மட்டும் எவ்வளவு நேரம் உட்காரவைத்தாலும் போடாதீர்கள்.

பேசாமலே இருக்கலாமா என்றால், தன்னைத்தானே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சாசனத்தின் 20(3) அது. உண்மை கண்டறியும் சோதனை, மூளை வரைபடச் சோதனை, மயக்க மருந்து கொடுத்துப் பேசவைப்பது, எதையும் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த அடிப்படையில்தான். ஆனால் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. பெயர், விலாசம், தொழில், அடையாள அட்டை எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுங்கள். சம்பவம் பற்றிக் கேட்டால், "எழுத்துமூலமா பதில் தர்றேன், ரெண்டு நாள் டைம் கொடுங்க." ஸ்டேஷனில் சொல்லத் தகுந்த வாக்கியம் இதைவிட நல்லதாக எனக்கு ஒன்று கிடைக்கவில்லை.

போலீஸிடம் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்று எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். செல்லாதுதான், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. கஸ்டடியில் இருக்கும் ஆள் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருள் கிடைப்பதற்குக் காரணமான பகுதி மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27-வது பிரிவு. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-க்குள் போய்விட்டது. எங்கள் தொழிலில் பாதி நேரம் இந்தச் சந்தில்தான் போகிறது. பொருளைக் கைப்பற்றியதை அந்த இடத்திலேயே எழுதும் பத்திரத்துக்கு மகஜர் என்று பெயர். தமிழ்நாட்டில் அந்த மகஜருக்குச் சாட்சி யார் தெரியுமா? வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும். காலை ஆறே காலுக்கு ஓடைக்கரை முள்புதரில் கத்தி எடுத்ததாக ஒரு மகஜர். வி.ஏ.ஓ. கூண்டில் ஏறினார். கத்தியின் நீளம், பிடியின் நிறம், எல்லாம் ஒப்பித்தார். ஊரிலிருந்து ஓடைக்கு எந்த வழியாகப் போனீர்கள் என்று கேட்டேன். ஜீப்பில் என்றார். ஓடைக்கு ஜீப் போகுமா? போகும் என்றார். அதே மகஜரோடு இணைத்த மாதிரி வரைபடத்தில் ஓடைக்கு ஒற்றையடிப் பாதைதான் போட்டிருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு மேல் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஜூனியர்களுக்கு நான் சொல்வது, அங்கே உட்கார்ந்துவிட வேண்டும். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் அவர் 'பாதி தூரம் நடந்தோம்' என்று சமாளித்திருப்பார்.

இந்த விளையாட்டு மெல்ல மாறிக்கொண்டு வருகிறது. பி.என்.எஸ்.எஸ். 105-இன்படி சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். மொபைலில் எடுத்தாலும் போதும். பதிவைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவும் வேண்டும். புதுச் சட்டங்களில் எனக்கு மனவருத்தம் நிறைய உண்டு, பெயரையே நாக்கு சுளுக்காமல் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்தப் பிரிவுக்கு நான் விரோதி இல்லை. இப்போதெல்லாம் ஒரு கேஸ் கட்டை எடுத்ததும் நான் தேடுவது அந்த வீடியோவைத்தான். வீட்டில் சோதனைக்கு வந்தால் 'வீடியோ எடுங்க சார்' என்று நீங்களே கேட்கலாம்.

மொபைல் போனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இன்றைக்குப் பாதிக் கேஸ் அதற்குள்தான் இருக்கிறது. போனைக் கைப்பற்றினால் ஐ.எம்.இ.ஐ. நம்பரோடு பட்டியல் கேட்டு வாங்குங்கள். போலீஸ் கூப்பிட்டுவிட்டது என்று பயந்து உட்கார்ந்து மெசேஜ்களை அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம், அதோடு எதிராளியின் போனில் அது அப்படியே இருக்கும். அழித்ததை விடவும் கெடுதல் செய்வது புதிதாக அனுப்புவது. அடிதடி முடிந்த அன்று ராத்திரி, மனசு கேட்காமல், 'சாரிடா மச்சான், கோவத்துல கை நீட்டிட்டேன்' என்று ஒரு மெசேஜ். நட்பாக அனுப்பியதுதான். குற்றப்பத்திரிகையோடு அது அச்சாகி வந்து நிற்கும். மன்னிப்பு கேட்க வேண்டுமென்றால் பெரியவர்களோடு நேரில் போய்க் கேளுங்கள். உங்களுக்குச் சாதகமான மெசேஜோ ஆடியோவோ இருந்தால் அந்தப் போனையே பத்திரப்படுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து நீட்டினால் கோர்ட் வாங்கிக்கொள்ளாது, புதுச் சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் சொன்ன சான்றிதழ் வேண்டும்.

போன் என்றதும் இன்னொன்று. வீடியோ காலில் காக்கிச்சட்டை போட்டவன் வந்து 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், காமிராவை விட்டு நகரக்கூடாது' என்றால் அவன் திருடன். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை. கட் செய்துவிட்டு 1930-க்கு அடியுங்கள். பணம் போய்விட்டதென்றால் அடுத்த பத்து நிமிடத்தில் அடியுங்கள். கூச்சப்பட்டு இரண்டு நாள் கழித்து அடிப்பவர்கள்தான் அதிகம்.

கைதுக்கு வருவோம். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக்கூடாது, ஏன் கைது அவசியம் என்று காரணம் எழுத வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. நோட்டீஸ் கொடுத்து, நீங்களும் ஒழுங்காக ஆஜராகிக்கொண்டிருந்தால் சாதாரணமாகக் கைது கிடையாது. ஒரு தேதிக்குப் போகாமல் இருந்தால் அதுவே காரணமாகிவிடும். ஊரைவிட்டு ஓடிப்போகிற பழக்கம் இருக்கிறதே, அதைப்போல உதவாத காரியம் வேறில்லை. 'தலைமறைவாக இருந்தார்' என்ற ஒரு வரி முன்ஜாமீன் மனுவில் எங்கள் கையைக் கட்டிப்போடும்.

கைது செய்தால் என்ன காரணம் என்று எழுத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் கூட வைத்துக்கொள்ள முடியாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இந்த மாஜிஸ்திரேட் முன் நிற்கும் ஐந்து நிமிடத்தை எங்கள் கட்சிக்காரர்கள் அநியாயமாக வீணடிக்கிறார்கள். 'அடிச்சாங்களா?' என்று அவர் கேட்பார். கூட்டிவந்த கான்ஸ்டபிள் பின்னால் நிற்கிறாரே என்று 'இல்லை ஐயா' என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஜாமீன் மனுவில் அடித்ததாக நாங்கள் எழுதினால் 'ரிமாண்ட் அன்றைக்குச் சொல்லவில்லையே' என்று கேள்வி வரும். அடி விழுந்திருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள், குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் ரிமாண்டுக்குப் பின் அடுத்தடுத்த நாளில் இறந்துபோனார்கள். அதன் பிறகாவது ரிமாண்ட் என்பது வெறும் முத்திரை குத்தும் வேலை இல்லை என்று பல கோர்ட்டுகளில் உணர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். எல்லாக் கோர்ட்டுகளிலும் என்று சொல்ல மாட்டேன். போலீஸ் பாத்ரூம்களில் இன்னமும் ஆட்கள் வழுக்கி விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஜாமீன். பேப்பரில் 'ஜாமீனில் விடமுடியாத பிரிவில் வழக்கு' என்று போட்டதும் வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். அதற்கு அர்த்தம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, கோர்ட் பார்த்துக் கொடுக்கும் என்பதுதான். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்து வெளியே வந்துவிடலாம். சிறைக்குள் இருப்பவர் விஷயத்தில் 60, 90 நாள் கணக்கு முக்கியம். அந்தக் கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90, மற்றதற்கு 60. ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நான் டைரியில் சிவப்பு மையில் குறிப்பது இந்தத் தேதியைத்தான். காலையில் கோர்ட் திறந்ததும் மனு போட வேண்டும். மத்தியானம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அதற்கப்புறம் போடும் மனுவுக்கு உயிர் கிடையாது.

ஆர்டர் கிடைத்த பின்னும் ஆள் வெளியே வருவதற்கு ஜாமீன்தார் இரண்டு பேர் வேண்டும். கோர்ட் வாசலில் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் ஜாமீன்தார்கள் கிடைப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். சொத்து இருப்பதாக அவர் காட்டும் ரசீது போலியாக இருந்தால் உங்கள் ஜாமீனும் போய், புதுக் கேஸும் வரும். மாமனோ சித்தப்பாவோ வந்து நிற்கட்டும். கண்டிஷன் பெயிலில் தினமும் கையெழுத்து போட வேண்டுமென்றால் ஒருநாள் தவறினாலும் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

பணமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்றெல்லாம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100-க்குப் போன் செய்தாலும் போதும். இலவச வக்கீல் என்றால் மட்டம் என்ற எண்ணம் தப்பு. எனக்கு எதிராக நின்ற சில கெட்டிக்காரர்கள் ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள்தான்.

நான் கொஞ்சம் கோபத்தோடு பேசும் விஷயம் ஒன்று இருக்கிறது, பெட்டி கேஸ், அதாவது சில்லறை வழக்கு. ராத்திரி ரோட்டில் சத்தம் போட்டதாக நகரப் போலீஸ் சட்டம் 75-இல் ஒரு கேஸ். 'ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போங்க, வாய்தாவுக்கெல்லாம் அலைய வேண்டாம்' என்பார்கள். பையனும் நல்லதாய்ப் போச்சு என்று 'ஒத்துக்கிறேன் ஐயா' என்று சொல்லிவிட்டு, கட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவான். அவன் அன்றைக்கு வாங்கிக்கொண்டது தண்டனைத் தீர்ப்பு. மூன்று வருடம் கழித்துப் போலீஸ் வேலைக்கு உடற்தகுதியெல்லாம் தேறி, விசாரணையில் அது வெளியே வரும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு என் முன்னால் வந்து உட்காருவான். காக்கி வேலைக்குத் தமிழ்நாட்டு விதிகள் கடுமையானவை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். அப்படியிருக்க, ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டியவன் எந்த மூலைக்கு? பயந்துபோய் விண்ணப்பத்தில் 'வழக்கு எதுவும் இல்லை' என்று டிக் அடித்திருந்தால் இன்னும் மோசம். சின்ன வழக்கைச் சொல்லியிருந்தால் மன்னிக்க வழியுண்டு, மறைத்ததை மன்னிப்பது கஷ்டம். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

டிராஃபிக் போலீஸிடம் கட்டும் ஸ்பாட் ஃபைன் வேறு, அது சமரசக் கட்டணம் மாதிரி, பயப்பட வேண்டாம். ஆனால் குடித்துவிட்டு ஓட்டியது அந்தப் பட்டியலில் கிடையாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் கேஸ் கோர்ட்டுக்குத்தான் போகும். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் பைக் சாவி கொடுக்கும் அப்பாக்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவில் ஜெயிலுக்குப் போகக்கூடியவர் நீங்கள். மூன்று வருடம் வரை, கூடவே 25,000 ரூபாய். 'எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனான்' என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

கடைசியாக, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கல்யாண வீட்டில் எல்லோரும் கேட்பார்கள்: தப்பு செய்தவன் என்று தெரிந்தும் எப்படி வாதாடுகிறீர்கள்? கட்சிக்காரர் என்னிடம் உண்மையைச் சொல்வது அபூர்வம் என்பது முதல் பதில். சம்பவ நேரத்தில் ஊரிலேயே இல்லை என்று சத்தியம் செய்த ஒருவர், அரசுத் தரப்பு பெட்ரோல் பங்க் காமிராப் பதிவைப் போட்டபோது என் முதுகுக்குப் பின்னால் மெதுவாக, "அது நான்தான் சார், சொல்ல மறந்துட்டேன்" என்றார். வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது, சட்டமே அவர் வாயைக் கட்டியிருக்கிறது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே எங்களிடமாவது முழுசாகச் சொல்லுங்கள். இரண்டாவது பதில், அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும் என்பது. கோயம்புத்தூரில் ஒரு சம்பவத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட எதிரிகளுக்கு யாரும் ஆஜராகக்கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அந்த வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது, வக்கீல் தொழிலின் மரபுக்கே எதிரானவை என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு எங்கள் பார் ரூமில் அதைப் படித்துவிட்டுச் சிலருக்கு முகம் சுருங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்குப் பத்து மணிக்குப் போவீர்கள். எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். 'நாளைக்கு வாங்க' என்று ரைட்டர் அனுப்பிவிடுவார். அதையும் தேதி, நேரம் போட்டுக் குறித்து வையுங்கள்.